டபுள் ஷிப்ட்டு மாமா கலக்கிக் கொடுத்த மாத்திரை

மூத்திரத்தைப் பற்றி மேடைப்பேச்சு மாதிரி, கையை நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி, ஊருக்கே கேட்கும்படி பேசத் தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் கோலார் தங்க வயலில், கோரமண்டலில், எங்கள் லைன் வீட்டுக்குப் பக்கத்து லைனில் குடியிருந்தார். பெயர் டபுள் ஷிப்ட்டு. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கும் அவர் மனைவி சுசீலா அத்தைக்கும் மட்டும்தான் தெரியும். அத்தையும் மறந்துவிட்டதாக ஒரு பேச்சு உண்டு.

எதிரே வருகிறவரைப் பார்த்து மற்றவர்கள் ‘சாப்டீங்களா’ என்பார்கள். மாமா, “இன்னாப்பா, நேரா வருதா, சொட்டா வருதா?” என்பார். ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில் கேட்பார். ரேஷன் கடை வரிசையில் கேட்பார். ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், பன்னீர்ச் செம்போடு நின்ற மாப்பிள்ளையின் அப்பாவைக் கேட்டுவிட்டார். அந்த மனிதர் வந்தவர்களை விட்டுவிட்டுப் பன்னீரைத் தன் மேலேயே தெளித்துக்கொண்டு உள்ளே ஓடினார். ஆனால் கல்யாணச் சந்தடி ஓய்ந்ததும் அவரே மாமா வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “சொட்டாத்தாம்பா வருது” என்றார்.

இது பிறவிக் குணமில்லை. ஒரு சாவு கொடுத்த குணம்.

சுரங்கம் ஓடிய காலத்தில் மாமா ஒரு கேங்க்குக்கு மேஸ்திரி. அவரோடு சேர்த்து ஏழு பேர். ஒருவன் காய்ச்சலில் படுத்தால், ஒருவன் மனைவியின் பிரசவத்துக்கு ஓடினால், அவனுடைய ஷிப்ட்டையும் தானே பார்த்துவிட்டுத்தான் மாமா மேலே வருவார். பெயர் அப்படி வந்தது. இருட்டில் இறங்கி இருட்டில் ஏறிய மனிதர். சூரியன் அவரை எங்கேயோ பார்த்த முகம் என்றுதான் நினைத்திருக்கும்.

பூமிக்கு அடியில் அந்தக் கேங்க்குக்கு ஒரு வழக்கம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் யாரும் தன் கேரியரைத் தனியாகத் திறக்கக் கூடாது. எல்லாக் கேரியரும் ஒரே அலுமினியத் தட்டில் கவிழும். களி, சோறு, கருவாட்டுக் குழம்பு, நேற்றைய கீரை எல்லாம் ஒன்றாகக் கலந்து, சரி பங்காகப் பிரியும். யார் வீட்டுச் சோறு என்று கேட்கக் கூடாது. யார் வெறுங்கையோடு வந்தது என்றும் கேட்கக் கூடாது. மேலே, வெளிச்சத்தில், ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசித்த காலம் அது. கீழே, இருட்டில், இந்தத் தட்டு. அதற்குப் பெயர் கலக்கு. “கலக்கியாச்சா?” என்று மேஸ்திரி கேட்பார். “கலக்கியாச்சு” என்று பதில் வரும். அதற்குப் பிறகுதான் முதல் கவளம்.

சுரங்கத்தை மூடினார்கள். ஆட்களை இறக்கி ஏற்றிய கேஜ் நின்றது. அது இறங்குகிற ஷாப்ட்டுக்குள் தண்ணீர் ஏறியது. கேங்க் மட்டும் கலையவில்லை. ஏழு பேரும் சேர்ந்தே கிழவர்களானார்கள். சேர்ந்தே இருமினார்கள். பிறகு, அந்த வயது ஆண்களுக்கு வருகிற அந்தத் தொல்லையும் சேர்ந்தே வந்தது. மூத்திரப்பைக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறது. வயதானால் அது வீங்கி, குழாயை நெரிக்கும். ஆறு பேர் அதைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டார்கள். பொன்னுசாமி என்கிற ஏழாமவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை, பெண்டாட்டியிடம் கூட. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். ஒரு நாள் வயிறு தவில் மாதிரி உப்பி நின்றது. பெங்களூருக்குக் கொண்டுபோகிற வழியில், பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. நேரத்தில் வந்திருந்தால் ஒரு சின்ன ரப்பர் குழாயில் பிழைத்திருப்பார் என்றார்கள்.

இடுகாட்டில் மாமா போட்ட கூச்சல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“பாறை உழுந்து சாவலாம். காத்து இல்லாம சாவலாம். வெக்கத்துல ஒருத்தன் சாவறதாடா? மீதி அஞ்சு பேரும் மேல ஏறாம நான் ஏறமாட்டேன்!”

கேஜில் கடைசியாக ஏறுவது மேஸ்திரி. அதுதான் கணக்கு. தெரியாதவர்கள் மாமா குடித்திருக்கிறார் என்று நினைத்தார்கள். அவர் குடிக்காதவர். அன்றிலிருந்துதான் பஸ் ஸ்டாண்டிலும் ரேஷன் கடையிலும் அந்தக் கேள்வி ஆரம்பித்தது.

இப்போது என் பிழைப்பைச் சொல்லிவிட வேண்டும். பெங்களூரில், ஆண்களின் சிறுநீர்க் கோளாறுகளையும் பிள்ளைப்பேற்றுக் கோளாறுகளையும் ஆராயும் ஒரு மருத்துவக் குழுவில் நான் ஒருங்கிணைப்பாளர். காலையில் கோரமண்டலில் ரயில் ஏறிப் போய், எந்த ஆணும் எந்தப் பெண்ணிடமும் சொல்லாத விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, சாயங்காலம் அதே ரயிலில் திரும்பி வருகிறவள். அந்தச் சுரப்பி வீக்கத்துக்கு ஒரு மாத்திரையைச் சோதிக்க எங்கள் குழு இறங்கியபோது, ராபர்ட்சன்பேட்டையிலும் ஓர் அறை எடுத்தோம். மாதம் ஒரு சனிக்கிழமை டாக்டர் வருவார். முதல் நாளே மாமா தன் ஐந்து பேரையும் வரிசையாக நடத்திக் கூட்டிவந்துவிட்டார், ஷிப்ட்டுக்குக் கூட்டிப்போகிற மாதிரி.

ஒப்புதல் படிவத்தை நான் உரக்கப் படித்தேன். எனக்குத் தலைச்சாயம் பூசுகிற வயது. அவருக்கு நான் பாப்பாதான்.

“பாப்பா, நிறுத்து. சுருக்கா சொல்லு. இன்னா குடுக்கப் போறீங்க?”

“பாதிப் பேருக்கு மருந்து மாமா. பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே இருக்கற வெறும் மாத்திரை. மாவுன்னு வச்சிக்கோங்க. ரெண்டையும் ஒத்துப் பாக்கணும் இல்ல?”

“யாருக்கு மருந்து, யாருக்கு மாவு?”

“தெரியாது மாமா.”

“டாக்டருக்கு?”

“அவருக்கும் தெரியக் கூடாது. அதான் ரூல்.”

“அப்ப யாருக்குத்தாம்மா தெரியும்?”

“பெங்களூர் ஆபீஸ்ல ஒருத்தருக்கு. அவரு இங்க வரமாட்டார்.”

மாமா தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். “கம்பெனி மாதிரியேதான்டா. கீழ எறங்கறவனுக்கும் தெரியாது, எறக்கறவனுக்கும் தெரியாது. இங்க வராத ஒருத்தனுக்குத் தெரியும்.”

கேங்க்கிலேயே பயந்த சுபாவம் சுப்ரமணிக்கு. “மேஸ்திரி, எனுக்கு மாவு வந்துட்டா?” என்றார்.

“கையெழுத்துப் போடுடா. நான் பாத்துக்கறேன்.”

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு கேள்விகள். தாம்பத்தியம் எப்படி, நாட்டம் இருக்கிறதா, இயலுகிறதா என்றெல்லாம் ஒரு பக்கம் நிறைய இருக்கும். நான் கேட்டேன். சுப்ரமணி மின்விசிறியைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன். மின்விசிறி யாரையும் பார்க்கவில்லை. கதவுக்கு வெளியிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

“பாப்பா! அந்தக் கேள்விக்கு எங்க எல்லாருக்கும் ஒரே பதில் எழுதிக்கோ. ஷாப்ட்டு மூடிட்டாங்க. உள்ள தண்ணி நிக்குது. மறுபடியும் தெறக்கப் போறதா பேச்சு மட்டும் அப்பப்ப வந்துக்கினு கீது!”

சாப்பாடு கொண்டுவந்த சுசீலா அத்தை அவர் பின்னாலேயே நின்றிருந்தார். “ஆமா, இவுரு பெரிய தங்கச் சொரங்கம். மூட்னதும் ஊரே அழுதுச்சி” என்றார். டாக்டர் மேசைக்கடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

எங்களிடம் ஒரு இயந்திரம் உண்டு. மேலே புனல், கீழே தராசு மாதிரி ஒன்று. தனி அறையில் நின்று அதில் பெய்ய வேண்டும். எவ்வளவு வேகம் என்று அது கோடு போட்டுக் காட்டும். இந்த மனிதர்கள் பாறையைப் பிளந்தவர்கள். அந்தப் புனலுக்கு முன்னால் ஒரு சொட்டுக்கு வழியில்லாமல் நின்றார்கள். மாமா போய் ஜன்னல் கம்பியில் ஒரு ஸ்பூனால் தட்டினார். கேஜில் ஆள் இறங்கலாம் என்று ஷாப்ட் வாயில் அடிக்கிற மணி அது. அந்தத் தாளம் அவர்களுடைய எலும்புக்குள் இருந்தது. உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம், அப்புறம் தண்ணீர் விழுகிற சத்தம். கோட்டில் சிரித்த இடமெல்லாம் குலுங்கித் தெரிந்தது. ஒவ்வொருவராக வெளியே வரும்போது மாமா தெருவுக்கே கேட்கக் கத்துவார்:

“மேல வந்துட்டான்!”

மாதங்கள் ஓடின. ஆறு பேருக்குமே கோடு உயர்ந்தது, சுரப்பியும் சுருங்கியது. யாரும் சிகிச்சையை விட்டு ஓடவில்லை. கொடுத்த மாத்திரை, மீந்த மாத்திரை, எல்லாம் சரியாக இருந்தன. பெங்களூர் ஆபீஸில் எங்கள் அறைக்கு நல்ல பெயர்.

மாமாவுக்கு முதுகு வலித்தது.

“முதுகு வலிக்காத மைன்ஸ்காரன் யார்ரா?” என்று அவரே சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பிறகு ஒரு சனிக்கிழமை, எங்கள் அறைக்கு ஏறுகிற படியில் அவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பெங்களூருக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்தார். சுரப்பியில் புற்று. அங்கிருந்து முதுகெலும்பு வரை வந்து, சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி மாதிரி வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது.

டாக்டரால் நம்ப முடியவில்லை. ஏனென்றால் அந்தப் புற்றை முன்கூட்டியே காட்டிக்கொடுக்க ஒரு ரத்தச் சோதனை உண்டு. ஆய்வில் எல்லோருக்கும் அதைத் தவறாமல் செய்துவந்தோம். புற்று வளர்ந்தால் அந்த எண் ஏறும். மாமாவின் எண் ஏறவே இல்லை. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நாங்கள் கொடுத்த மருந்து அந்த எண்ணை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். அதனால் மருந்து சாப்பிடுகிறவரின் எண்ணைப் பெங்களூர் ஆபீஸ்காரர் இரட்டித்துப் படிப்பார். மாவு சாப்பிடுகிறவரின் எண்ணை அப்படியே நம்புவார். அவசரம் என்று மாமாவின் ரகசியத்தை மட்டும் உடைத்துப் பார்த்தார்கள். மாமாவின் புட்டியில் இருந்தது மாவு.

“மாவு சாப்பிட்டவருக்குச் சுரப்பி எப்படிச் சுருங்கியது?” என்றார் டாக்டர். “போய்க் கேட்டு வாருங்கள்.”

மறுநாள் சாயங்காலம் போனேன். கதவு திறந்திருந்தது. புத்தர் படத்துக்குக் கீழே கட்டிலில் மாமா தலையணையில் சாய்ந்திருந்தார். தரையில் ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்தப் பழைய அலுமினியத் தட்டு. தட்டு நிறைய மாத்திரை.

“கலக்கியாச்சா?” என்றார் மாமா.

“கலக்கியாச்சு” என்றார் சுப்ரமணி. உள்ளங்கையால் மாத்திரைகளை வழித்து, ஆறு புட்டிகளுக்கும் பிரித்துப் போட ஆரம்பித்தார்.

“மாமா, இது இன்னா?”

“வா பாப்பா. டீ குடி.”

சுப்ரமணிக்கு முகமெல்லாம் பெருமை. “பாதிப் பேருக்கு மாவுன்னியே. அப்ப அவனுங்க மட்டும் மருந்து இல்லாம போவணுமா? மொத மாசத்துலேர்ந்தே இப்டித்தான். எல்லாருக்கும் கொஞ்சம் மருந்து, கொஞ்சம் மாவு. பாத்தியா, அத்தினி பேருக்கும் நல்லா போவுது!”

என் முகத்தை மாமா ஒரு நிமிஷம் பார்த்தார். இருட்டில் ஆள் முகம் படித்துப் பழகிய கண்.

“டேய், எல்லாரும் போயி டீத்தூள் வாங்கினு வாங்க.”

“அஞ்சு பேருமா மேஸ்திரி?”

“பெரிய பாக்கெட்டா வாங்குடா.”

அவர்கள் போனதும் சொன்னேன். புற்று எண்ணை ஏற்றியது. தட்டில் கலந்துவந்த மருந்து அதை இறக்கியது. மாவு சாப்பிடுகிறவர்தானே என்று ஆபீஸ் நம்பியது. காகிதத்தில் எண் அசையாமல் நின்றது. அவ்வளவுதான். சொல்லி முடிக்க ஒரு டீ ஆறும் நேரம் கூட ஆகவில்லை.

“அப்ப மத்தவனுங்களுக்கு?” என்றார். முதல் கேள்வியே அதுதான்.

“எல்லாருக்கும் உடனே ஸ்கேன் எடுக்கறாங்க மாமா.”

“மொதல்ல அத்தப் பண்ணு.” பிறகு, வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் தெருவுக்குக் கேட்கச் சொன்ன அந்த மனிதர், குரலை இறக்கினார். “பாப்பா, தட்டு விஷயம் அவனுங்களுக்குச் சொல்லாத. நான் ரோசன சொன்னேன், சரி. கலக்குன கை சுப்ரமணி கை. தெரிஞ்சா அந்தக் கையால அவன் சோறு திங்கமாட்டான்.”

ஐந்து பேரும் டீத்தூளோடு, எந்தத் தூள் திக்காக இருக்கும் என்று சண்டை போட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

“இன்னாடா, எஸ்டேட்டுக்கே போய்ப் பறிச்சினு வந்தீங்களா? உக்காருங்க. எனுக்குக் கேன்சர். ஸ்கேன்ல வந்துட்சி. ஏன் இவ்ளோ நாளு தெரியலன்னு கேப்பீங்க. எனுக்குத் தெரியும். ரத்தம் வந்துச்சி, வலி வந்துச்சி. வெக்கமா இருந்துச்சி, டாக்டர்கிட்ட சொல்லல. போதுமா?”

ரத்தம் வரவே இல்லை. எனக்குத் தெரியும்.

சுப்ரமணி டீத்தூளைக் கீழே போட்டார். “நீயா? ஊருல ஒருத்தன் வேட்டி பாக்கி இல்லாம தூக்கிப் பாத்தியே, நீயா சொல்லாம வுட்ட? பொன்னுசாமி சாவுல இன்னா சொன்ன நீ?” அழுதுகொண்டே திட்டினார். மற்ற நால்வரும் சேர்ந்துகொண்டார்கள். மாமா தலையைக் குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டார்.

செய்தி லைன் முழுக்கப் பரவியது. “அடுத்தவனத் தொறந்து காட்டச் சொன்னவரு, தன்னோடத மூடிக்கினாரு பாத்தியா” என்று டீக்கடையில் சிரித்தார்கள். பன்னீர் தெளித்துக்கொண்ட அந்த மாப்பிள்ளை அப்பா கூடச் சிரித்தார். தன் ஒரே பெருமையை எடுத்துத் தெருவில் போட்டுவிட்டு, மாமா ஊசிக்கும் வலி மாத்திரைக்கும் நடுவில் கட்டிலில் கிடந்தார். சுசீலா அத்தைக்கும் அவர் உண்மையைச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அத்தை ஒரு நாள் அவர் கால் பிடித்துவிட்டபடி, “பொய் சொல்றப்ப மட்டும் உனுக்கு மீசை துடிக்கும்யா” என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆறு பேரையும் ஆய்விலிருந்து நீக்கினார்கள். அந்தக் கலக்கலை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. டாக்டர் முதலில் கோபப்பட்டார். பிறகு வெளியே போய், சயனைடு மேட்டிலிருந்து பறக்கிற வெளுத்த தூசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, ஆய்வு இல்லாவிட்டாலும் இவர்களை மாதாமாதம் தானே பார்ப்பதாகவும், இனி மருந்து மருந்தாகவே கொடுப்பதாகவும் சொன்னார். ஐந்து பேரின் ஸ்கேனும் சுத்தம். மாமாவிடம் போய்ச் சொன்னேன். “ஒவ்வொருத்தன் பேரா சொல்லு” என்றார். சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் கட்டில் சட்டத்தில் விரலால் ஒரு தட்டு.

மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். புத்த விஹாரத்திலிருந்து வந்து பஞ்சசீலம் ஓதினார்கள். அலுமினியத் தட்டில்தான் பூ வைத்திருந்தார் சுசீலா அத்தை. மண் தள்ளி முடித்ததும் சுப்ரமணி என் பக்கத்தில் வந்து நின்றார்.

“பாப்பா, எங்களுக்குத் தெரியும்.”

“இன்னா தெரியும்?”

“தட்டு.”

“யாரு சொன்னது?”

“ஸ்கேன் எடுக்கப் போனோம் இல்ல? டாக்டரு நர்சம்மாகிட்ட தட்டுக் கதைய பூரா கன்னடத்துல சொன்னாரு. சொல்லிட்டு, அவரிகெ ஹேளபேடின்னாரு, அவங்களுக்குச் சொல்லாதீங்கன்னு. கோலார்ல பொறந்தவனுக்குக் கன்னடம் புரியாதா?”

“அப்புறமும் ஏன் மாமாவத் திட்டினே இருந்தீங்க?”

“நிறுத்துனா எங்களுக்குத் தெரிஞ்சிட்சின்னு கண்டுபுடிச்சிடுவாரே. கஷ்டப்பட்டு ஒரு பொய் சொன்னாரு பாவம். கடைசி வரைக்கும் நல்லாத் திட்டினோம்.” கையிலிருந்த மண்ணைத் தட்டாமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

இதை எழுதப் போகிறேன் என்று அவரிடம் கேட்டபோது, “எழுதும்மா, மேஸ்திரி மானத்தத் திருப்பிக் குடுத்துடு. ஆனா அந்த மின்விசிறி மேட்டர்ல என் பேரு போடாத” என்றார். போட்டுவிட்டேன்.

ஐந்து பேரும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இப்போதும் வருகிறார்கள். புனலுக்கு முன்னால் இப்போதும் வெட்கப்பட்டு நிற்கிறார்கள். நான் வெளியே போய், ஜன்னல் கம்பியில் ஸ்பூனால் அந்த மணியைத் தட்டுகிறேன். எனக்குத் தாளம் சரியாக வராது. உள்ளிருந்து திருத்துவார்கள், சிரிப்பார்கள், தண்ணீர் விழும். கடைசி ஆள் கதவைத் திறந்து வெளியே வருகிற வரைக்கும் நான் அங்கேயே நிற்பேன்.

மேல வந்துட்டாங்க மாமா. அஞ்சு பேரும்.